838 டெராஃப்ளாப் இருந்தும் ஜாப் ஏன் வரிசையில் நிற்கிறது?

திருச்சி என்.ஐ.டி.யில் 2022 மே 25 அன்று 'பரம் பொருள்' சூப்பர் கணினி தொடங்கிவைக்கப்பட்டது. தேசிய சூப்பர்கம்ப்யூட்டிங் மிஷனின் இரண்டாம் கட்டத்தில் 19 கோடி ரூபாய் செலவில் அமைந்தது. உச்ச வேகம் 838 டெராஃப்ளாப். அதே ஆண்டு பிப்ரவரியில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் 3.3 பெட்டாஃப்ளாப் திறனுள்ள 'பரம் பிரவேகா' வந்திருந்தது. வாராணசி, காரக்பூர், காந்திநகர், ரூர்க்கி, ஹைதராபாத், குவாஹாட்டி ஐ.ஐ.டி.களிலும் இதே குடும்பத்து இயந்திரங்கள் உள்ளன.

ஒவ்வொன்றையும் செய்தி அறிமுகப்படுத்துவது ஒரே ஓர் எண்ணை வைத்துத்தான். ஆனால் இவற்றைப் பயன்படுத்தும் ஆய்வு மாணவரிடம் விசாரித்தால் பெரும்பாலும் கிடைக்கும் பதில் "ஜாப் போட்டிருக்கேன், இன்னும் பெண்டிங்" என்பதுதான். ஜாப் என்றால் ஓட்டித்தரும்படி இயந்திரத்திடம் ஒப்படைக்கும் கணக்கு. வினாடிக்கு 838 லட்சம் கோடி கணக்குப் போடும் இயந்திரத்தில் வரிசை எதற்கு? அதைப் புரிந்துகொள்ள, உள்ளே என்ன இருக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

கிளஸ்டர் என்றால் என்ன

இது ஒரு கணினி அல்ல. அலமாரிகளில் அடுக்கிய சில நூறு சர்வர்களின் தொகுப்பு. ஒவ்வொரு சர்வருக்கும் நோடு என்று பெயர். ஒவ்வொன்றிலும் தனி லினக்ஸ், தனி நினைவகம், தனிச் சிப்புகள். இவற்றை அதிவேக வலையால் இணைத்து, எல்லாவற்றுக்கும் பொதுவான சேமிப்பகம் ஒன்றைக் கொடுத்தால் அது கிளஸ்டர்.

சந்தையில் கிடைக்கும் சாதாரணச் சிப்புகளைச் சேர்த்தே இப்படிச் செய்யலாம் என்று காட்டியது 1994இல் நாசாவில் உருவான பியோவுல்ஃப். 16 இன்டெல் 486 வகைக் கணினிகளை ஈதர்நெட்டால் இணைத்த ஏற்பாடு அது. இந்தியாவில் அதற்கு முன்பே, 1988இல் தொடங்கிய மத்திய அரசின் சி-டாக் நிறுவனம், பல சிறு சிப்புகளை இணைத்த பரம் 8000 இயந்திரத்தை 1991இல் வெளியிட்டிருந்தது. அமெரிக்காவிடமிருந்து கேட்ட கிரே கணினி கிடைக்காமல் போனது அதன் பின்னணி.

இன்றைய கிளஸ்டரில் நோடுகள் ஒரே மாதிரி இருப்பதில்லை. பெரும்பாலானவை சாதாரணச் சிப்புகள் (சிபியு) மட்டும் உள்ள நோடுகள். சிலவற்றில் நினைவகம் அதிகம். இன்னும் சிலவற்றில், ஒரே வகைக் கணக்கை ஒரே நேரத்தில் பெருமளவில் செய்யும் ஜிபியு அட்டைகள். வாராணசி ஐ.ஐ.டி.யின் பரம் சிவாய் இயந்திரத்தில் மொத்தம் 223 நோடுகள்: 192 சிபியு நோடு, 20 கூடுதல் நினைவக நோடு, 11 ஜிபியு நோடு. இவை போக, பயனர்கள் வந்து நுழைவதற்கென்று சில லாகின் நோடுகள். கோப்புகளை எழுதுவது, நிரலைத் தொகுப்பது, ஜாப் போடுவது எல்லாம் அங்கே. கணக்கு ஓடுவது வேறு நோடுகளில். புதிதாக வரும் மாணவர் லாகின் நோட்டிலேயே கணக்கை ஓட்டிவிட்டு, நிர்வாகியிடமிருந்து கோபமான மின்னஞ்சல் வாங்குவது எல்லா ஊரிலும் நடக்கும்.

838 என்ற எண் எங்கிருந்து வருகிறது

ஃப்ளாப் என்றால் தசமப் புள்ளி எண்களில் ஒரு கூட்டலோ பெருக்கலோ. வினாடிக்கு லட்சம் கோடி முறை செய்தால் ஒரு டெராஃப்ளாப். ஆயிரம் டெரா சேர்ந்தால் ஒரு பெட்டா.

உச்ச வேகம் என்பது யாரும் ஓட்டிப் பார்த்து அளந்தது அல்ல. பெருக்கிக் கண்டுபிடித்தது. பரம் சிவாய் உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம்:

1. ஒரு நோட்டில் இரண்டு இன்டெல் சிப். சிப்புக்கு 20 கோர் (தனியாகக் கணக்குப் போடக்கூடிய பகுதி). ஆக 40 கோர்.
2. ஒரு கோரின் துடிப்பு 2.4 கிகாஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 240 கோடி.
3. ஒவ்வொரு துடிப்பிலும் அதிகபட்சம் 32 கணக்குகள்.
4. 40 × 2.4 × 32 = 3,072 கிகாஃப்ளாப். நோட்டுக்குச் சுமார் 3 டெரா.
5. 223 நோட்டுக்கு ஏறக்குறைய 685 டெரா. 11 நோடுகளில் உள்ள 22 ஜிபியு அட்டைகள், தலா சுமார் 7 டெரா வீதம், 154.

கூட்டினால் 839. அறிவித்த எண் 837. அட்டையின் மதிப்பைத் தோராயமாக எடுத்ததால் வித்தியாசம் இவ்வளவுதான்.

மூன்றாவது வரியில்தான் விஷயம் இருக்கிறது. துடிப்புக்கு 32 கணக்கு வேண்டுமானால், எட்டு எட்டு எண்களாக வரிசை கட்டி, பெருக்கலும் கூட்டலும் சேர்ந்த கட்டளைகள் இடைவிடாமல் வந்துகொண்டே இருக்க வேண்டும். அப்படிப்பட்ட கனமான கட்டளைகள் ஓடும்போது சூட்டைக் கட்டுப்படுத்தச் சிப்பு தன் துடிப்பையே குறைத்துக்கொள்ளும். அதனால் உச்ச வேகம் யாருக்கும் கிடைக்காது.

கிடைக்கும் வேகத்தை அளக்க லின்பேக் என்ற சோதனை இருக்கிறது. பெரிய சமன்பாட்டுத் தொகுதி ஒன்றைத் தீர்க்கச் சொல்வது. 1993 முதல் வெளிவரும் டாப்500 பட்டியல் இதை வைத்துத்தான். இது சிப்புக்குப் பிடித்த வேலை என்பதால் உச்சத்தில் பெரும்பகுதி கிடைத்துவிடும். எச்.பி.சி.ஜி. என்ற இன்னொரு சோதனை உண்டு; நினைவகத்திலிருந்து எண்களை எடுத்து வருவதிலேயே நேரம் போகும் வேலை. அதில் பெரும்பாலான இயந்திரங்கள் உச்சத்தில் ஒன்று முதல் மூன்று சதவீதம்தான் எட்டுகின்றன. வானிலை, திரவ ஓட்டம் போன்ற ஆய்வு நிரல்கள் பல இந்த இரண்டாவது வகைக்குத்தான் நெருக்கம்.

இன்னொரு பெரிய குழப்பம் ஏஐ செய்திகளிலிருந்து வருகிறது. என்விடியாவின் எச்100 அட்டை ஒன்றே சுமார் 990 டெராஃப்ளாப் என்கிறார்கள். அப்படியானால் ஒரே அட்டை பரம் பொருளை மிஞ்சிவிட்டதா? இல்லை. அந்த 990 என்பது 16 பிட் எண்களில், அதாவது ஒவ்வோர் எண்ணையும் குறைந்த இலக்கங்களில் சுருக்கி வைக்கும்போது. ஏஐ பயிற்சிக்கு அந்தத் துல்லியம் போதும். பாலத்தின் அழுத்தத்தையோ மூலக்கூறின் ஆற்றலையோ கணக்கிட வழக்கமாக 64 பிட் வேண்டும். அதே அட்டை 64 பிட்டில் தருவது, கணக்கின் வகையைப் பொறுத்து, 34 அல்லது 67 டெராதான். சி-டாக்கின் பரம் சித்தி-ஏஐ இயந்திரத்தை '210 ஏஐ பெட்டாஃப்ளாப்' என்றும் சொன்னார்கள், '4.6 பெட்டாஃப்ளாப்' என்றும் சொன்னார்கள். இரண்டும் உண்மை. முதலாவது குறைந்த துல்லியத்தில் உச்சம். இரண்டாவது 64 பிட் லின்பேக். எத்தனை பிட் என்று சொல்லாத டெராஃப்ளாப் செய்தியை வைத்து எதையும் எதனோடும் ஒப்பிட முடியாது.

அதிக கோர் கொடுத்தால் அதிக வேகமா?

ஒரு நிரல் பல நோடுகளில் ஓட வேண்டுமானால் அதை அப்படி எழுதியிருக்க வேண்டும். எம்.பி.ஐ. என்ற முறையில், நிரலின் பிரதிகள் ஒவ்வொரு கோரிலும் ஓடி, ஒன்றுக்கொன்று தகவல் அனுப்பிக்கொள்ளும். தமிழ்நாட்டு வானிலையைக் கணிப்பதாக வைத்துக்கொண்டால், வரைபடத்தைக் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொரு கோருக்கும் ஒரு துண்டு. ஆனால் காற்று கட்டத்தின் எல்லையில் நிற்காதே. ஒவ்வொரு காலப்படியிலும் பக்கத்துத் துண்டின் விளிம்பு மதிப்புகள் வந்து சேர்ந்தால்தான் அடுத்த படிக்குப் போக முடியும். சின்னச் சின்னத் தகவல்கள், லட்சக்கணக்கான முறை.

அதனால்தான் இந்த இயந்திரங்களில் இன்ஃபினிபேண்ட் என்ற தனி வலை. இதில் ஒரு தகவல் போய்ச் சேர ஒன்றிரண்டு மைக்ரோவினாடி. சாதாரண ஈதர்நெட்டில் அதைப்போலப் பல மடங்கு. தனித்தனியாக வாங்கிய நல்ல சர்வர்கள் நூறு சேர்ந்தாலும் இந்த மாதிரி வேகமான வலை இல்லாவிட்டால் பெரிய வானிலைக் கணிப்புக்கு அவ்வளவாக உதவாது.

வலை எவ்வளவு வேகமானாலும் இன்னொரு தடை உண்டு. 1967இல் ஜீன் ஆம்டால் சொன்னது: நிரலில் பிரிக்க முடியாத பகுதி எவ்வளவோ, அதுதான் எல்லை. 5 சதவீதம் பிரிக்க முடியாதது என்றால், எத்தனை கோர் போட்டாலும் 20 மடங்குக்கு மேல் வேகம் வராது. 40 கோரில் 13.6 மடங்கு வரும். 400 கோரில்? 19.1. பத்து மடங்கு கோரைப் பிடித்துவைத்து ஒன்றரை மடங்குகூட லாபமில்லை. மற்றவர்களுக்குப் போயிருக்க வேண்டிய 360 கோர் வீண்.

இதைவிட மோசமான ஒன்றும் அடிக்கடி நடக்கும். ஒரே நோட்டில் மட்டும் ஓடத் தெரிந்த நிரலுக்கு நான்கு நோடு கேட்பது. மூன்று நோடு சும்மா கிடக்கும். கணக்கில் நான்கும் ஏறும். எவ்வளவு கேட்கலாம் என்று தீர்மானிக்க ஒரே வழி, சிறிய ஓட்டமாக 1, 2, 4, 8 நோடு என்று ஓட்டி நேரத்தைக் குறித்துப் பார்ப்பது. ஒரு மதியம் போதும். பலர் செய்வதில்லை.

வரிசை எப்படி நகர்கிறது

இந்த நோடுகளை யாருக்கு, எப்போது தருவது என்று தீர்மானிப்பது ஷெட்யூலர் என்ற மென்பொருள். உலகெங்கும் பரவலாக இருப்பது ஸ்லர்ம். பயனர் ஒரு சின்னக் கோப்பு எழுதித் தருவார். அதில் நான்கைந்து வரிகள்: எத்தனை நோடு, நோட்டுக்கு நிரலின் எத்தனை பிரதி (புரோசஸ்), எவ்வளவு நினைவகம், அதிகபட்சம் எத்தனை மணி நேரம், எந்தக் க்யூ (வரிசை). அப்புறம் ஓட்ட வேண்டிய கட்டளை. சமர்ப்பித்தால் ஜாப் எண் ஒன்று கிடைக்கும். நிலையைக் கேட்டால் பி.டி. என்று காட்டினால் காத்திருக்கிறது, ஆர் என்றால் ஓடுகிறது. காத்திருப்பதற்குக் காரணமும் பக்கத்திலேயே இருக்கும். 'ரிசோர்சஸ்' என்றால் உங்கள் முறை வந்துவிட்டது, நோடு காலியாக வேண்டும். 'ப்ரையாரிட்டி' என்றால் உங்களுக்கு முன்னால் ஆள் இருக்கிறார்கள்.

முன்னால் யார் என்பதை வந்த நேரம் மட்டும் தீர்மானிப்பதில்லை. மூன்று விஷயங்கள் சேர்கின்றன.

1. நியாயப் பங்கு. ஒரு குழு சமீபத்தில் நிறையப் பயன்படுத்தியிருந்தால் அதன் முன்னுரிமை இறங்கும். பழைய பயன்பாடு மெல்ல மறக்கப்படும். ஸ்லர்மின் இயல்பு அமைப்பில் 7 நாளுக்கு ஒருமுறை அதன் எடை பாதியாகும். போன மாதம் முழுவதும் ஓட்டிய குழு இந்த வாரம் பின்னால் நிற்பது பழிவாங்கல் அல்ல.

2. காத்திருந்த காலம். ஏற ஏற முன்னுரிமையும் ஏறும். இல்லாவிட்டால் சிலருக்கு முறையே வராது.

3. இடைநிரப்பல். இதுதான் பலருக்கும் புரியாதது, அநியாயம் என்றும் தோன்றுவது.

200 நோடு உள்ள கிளஸ்டர். 150 ஓடுகின்றன, அவை 6 மணி நேரத்தில் முடியும். 50 காலி. வரிசையின் தலையில் நிற்கும் ஜாப் கேட்பது 190 நோடு. 50ஐ வைத்து அதைத் தொடங்க முடியாது. 6 மணி நேரம் காத்திருக்க வேண்டும். அதுவரை 50 நோட்டையும் சும்மா விடுவதா? பின்னால் நிற்பவர்களில் ஒருவர் 20 நோடு 4 மணி நேரம் கேட்கிறார். அவரை உள்ளே விட்டால் அந்த 6 மணி நேரத்துக்குள் வெளியேறிவிடுவார், முன்னால் நிற்பவருக்கு ஒரு நிமிடம்கூடத் தாமதமில்லை. ஸ்லர்ம் அவரை விட்டுவிடும். இன்னொருவர் கேட்பதும் அதே 20 நோடுதான், ஆனால் 72 மணி நேரம். அவரை விட்டால் 6 மணி நேரத்துக்குப் பிறகும் 180தான் மிஞ்சும். அதனால் அவர் நிற்க வேண்டியதுதான். ஹோட்டலில் பெரிய குடும்பம் ஒன்று சேர்ந்தாற்போல மேசைகள் காலியாகக் காத்திருக்கும்போது, காபி மட்டும் குடிக்க வந்தவரைச் சர்வர் ஓரமாக உட்காரவைப்பது போலத்தான்.

இதன் விளைவு நேரடியானது. 72 மணி கேட்டவரின் கணக்கு நிஜத்தில் 5 மணியில் முடியக்கூடியதாக இருக்கலாம். பாதியில் நின்றுவிடுமோ என்ற பயத்தில், அனுமதிக்கும் உச்ச நேரத்தையே எழுதிவிடுவார்கள். பயத்துக்கும் காரணம் இருக்கிறது: கேட்ட நேரம் தீர்ந்தால் ஸ்லர்ம் ஜாப்பை நிறுத்திவிடும், இரண்டு நாள் கணக்கு போய்விடும். அதற்கு மாற்று, இடையிடையே நிலையைக் கோப்பில் சேமித்துவைத்து விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி. மூலக்கூறு இயக்கத்துக்கான க்ரோமாக்ஸ் போன்ற முதிர்ந்த மென்பொருள்களில் அது முன்பே உண்டு. மாணவர் தானே எழுதிய பைத்தான் நிரலில்தான் இருக்காது. ஒரு கல்லூரியின் வரிசை எவ்வளவு வேகமாக நகர்கிறது என்பதில் இயந்திரத்தின் பங்கைவிட, பயனர்கள் நேரத்தை எவ்வளவு சரியாகக் கேட்கிறார்கள் என்பதன் பங்கு பெரிது என்பது என் கணிப்பு.

சரி, வரிசையே இல்லாமல் செய்ய முடியாதா? முடியும், தேவையைவிட மிகப் பெரிய இயந்திரம் வாங்கினால். அப்போது பாதி நாள் அது சும்மா நிற்கும். பொதுப் பணத்தில் வாங்கிய கிளஸ்டரில் வரிசை இருப்பது நல்ல அறிகுறிதான். வரிசை வாரக்கணக்கில் நீண்டால்தான் கவலைப்பட வேண்டும்.

சேமிப்பகம்: ஸ்கிராட்சை நம்பாதீர்கள்

எல்லா நோடுகளும் ஒரே நேரத்தில் எழுத வேண்டும் என்பதால் லஸ்டர் போன்ற இணைக் கோப்பு முறைமை இருக்கும். ஒரு பெரிய கோப்பைத் துண்டாக்கிப் பல சர்வர்களில் பரப்பிவைக்கும். பெரிய கோப்புகளில் பிரமாதம். ஆனால் பெயர், இடம், அனுமதி ஆகிய விவரங்களைப் பார்ப்பது தனிச் சர்வர். லட்சக்கணக்கில் குட்டிக் கோப்புகளை ஒருவர் கொட்டினால் அது திணறும், எல்லோருக்கும் எல்லாம் மெதுவாகும். ஏஐ பயிற்சிக்கான படங்களைத் தனித்தனிக் கோப்பாக வைப்பவர்கள் இந்தப் பாவத்தைத் தெரியாமலே செய்கிறார்கள்.

பயனருக்கு வழக்கமாக இரண்டு இடம் கிடைக்கும். ஹோம் சிறியது, நிலையானது. ஸ்கிராட்ச் பெரியது, வேகமானது, ஆனால் தற்காலிகம். குறிப்பிட்ட நாள் தொடாத கோப்புகள் தானாக அழியும். பெரும்பாலும் அதற்குப் பேக்கப் கிடையாது.

பொதுச் சேமிப்பகத்தில் என்ன நடக்கக்கூடும் என்பதற்கு ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகம் உதாரணம். 2021 டிசம்பர் 14 முதல் 16 வரை அங்கே 77 டெராபைட், ஏறக்குறைய 3.4 கோடி கோப்புகள் அழிந்தன. 14 ஆய்வுக் குழுக்கள் பாதிக்கப்பட்டன. அவற்றில் 4 குழுக்களின் தரவைப் பேக்கப்பிலிருந்தும் மீட்க முடியவில்லை. இயந்திரத்தைப் பராமரித்த எச்.பி.இ. நிறுவனம் முழுப் பொறுப்பையும் ஏற்றது. காரணம் ஒரு ஸ்கிரிப்ட், அதாவது கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்பு. பழைய லாக் கோப்புகளை அழிக்கும் அந்த ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன்மேல் திருத்திய பதிப்பை எழுதினார்கள். ஸ்கிரிப்டை ஓட்டும் பாஷ் என்ற மென்பொருள் அதை முழுதாக ஒரே தடவையில் படிப்பதில்லை. ஓட ஓடப் படிக்கும். புதிய கோப்பின் நடுவிலிருந்து படிக்கத் தொடங்கியதில், எந்த அடைவில் (ஃபோல்டரில்) அழிக்க வேண்டும் என்று குறித்துவைக்கும் மாறி காலியாகிவிட்டது. லாக் அடைவுக்குப் பதிலாக ஆய்வாளர்களின் கோப்புகள் போயின.

வாசலில் பாதுகாப்பு

2020 மே மாதம் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் இருந்த ஆர்ச்சர் என்ற பிரிட்டனின் தேசியக் கணினி நிறுத்தப்பட்டது. அதே நாட்களில் ஜெர்மனியிலும் பல கிளஸ்டர்கள் மூடப்பட்டன. நுழைந்தவர்கள் எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை. பயனர்களிடமிருந்து திருடிய எஸ்.எஸ்.எச். சாவிகளோடு (தொலைவிலிருந்து நுழைவதற்கான மின்னணுச் சாவிகள்) லாகின் நோடு வழியாகவே வந்தார்கள். சில இடங்களில் கிரிப்டோ நாணயம் தோண்டும் நிரல்கள் அகப்பட்டன. ஓர் ஆய்வாளருக்குப் பல கிளஸ்டர்களில் கணக்கு இருப்பது உண்டு. ஒரு சாவி போனால் பல கதவுகள் திறக்கலாம். இப்போது ஓ.டி.பி. கேட்பதும், வளாகத்துக்கு வெளியிலிருந்து வி.பி.என். (பாதுகாப்பான தனி இணைப்பு) இல்லாமல் விடாததும் எரிச்சலாக இருந்தாலும் காரணம் இதுதான்.

உள்நாட்டுத் தயாரிப்பு எவ்வளவு?

பரம் பொருளின் பாகங்களில் பெரும்பாலானவை இந்தியாவில் தயாரித்து ஒருங்கிணைக்கப்பட்டவை, மென்பொருள் அடுக்கு சி-டாக் உருவாக்கியது என்று அரசு அறிவித்தது. இதைப் படிக்கும்போது கணக்குப் போடும் சிப்புகள் அந்த வரிக்குள் அடங்காது என்பதை நினைவில் வைக்க வேண்டும். 2024 செப்டம்பரில் புனே, டெல்லி, கொல்கத்தாவில் தொடங்கிய பரம் ருத்ரா இயந்திரங்களில் சர்வர் வடிவமைப்பே சி-டாக்குடையது. முன்னேற்றம்தான், ஆனால் சிப்பு இன்னும் வெளியிலிருந்துதான் வருகிறது.

வாங்கிய பிறகு ஆகும் செலவு

மேலே பார்த்த இன்டெல் சிப் ஒன்று இழுப்பது 150 வாட். நோட்டுக்கு 300. 223 நோட்டுக்கு 67 கிலோவாட். ஜிபியு அட்டைகள் தலா 250 வாட் வீதம் இன்னொரு 5.5. இது சிப்புகள் மட்டும். நினைவகம், வலை, சேமிப்பகம், குளிரூட்டல் எல்லாம் சேர்த்து 120 கிலோவாட் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 10.5 லட்சம் யூனிட். யூனிட் 8 ரூபாய் என்றால் சுமார் 84 லட்சம் ரூபாய். ஐந்து ஆண்டில் 4 கோடியைத் தாண்டும். பரம் பொருளில் சிப்பின் மேல் ஒட்டிய தகட்டின் வழியே திரவத்தை ஓட்டிக் குளிர்விக்கும் முறை இருப்பது இந்தத் தொகையைக் குறைக்கத்தான். அறை முழுவதையும் ஏசி போட்டுக் குளிர்விப்பதைவிட, சூடு பிறக்கும் இடத்திலேயே எடுத்துவிடுவது மலிவு.

இதற்கு கிளவுட் போதாதா என்று கேட்பவர்களுக்கு: ஆண்டில் இரண்டு வாரம் மட்டும் தேவைப்படும் ஆய்வுக்குப் போதும், அதுதான் லாபமும்கூட. ஆனால் நாள் முழுவதும் நிரம்பி ஓடும் கிளஸ்டரை மணிக்கணக்கு வாடகைக்கு எடுத்தால் கணக்கு கட்டாது. விளைந்த தரவை வெளியே இறக்கவும் கட்டணம் உண்டு. அதோடு, மாணவர்கள் தப்பு செய்து பழக ஓர் இடம் வேண்டும். ஒவ்வொரு தப்புக்கும் பில் வருகிற இடத்தில் யாரும் பழக மாட்டார்கள்.

மானியம் பெரும்பாலும் இயந்திரத்தை வாங்கத்தான் வருகிறது. மின்கட்டணம், உத்தரவாதக் காலம் முடிந்தபின் பராமரிப்பு ஒப்பந்தம், இரவில் நின்றுபோனால் வந்து பார்க்கும் நிர்வாகி, புதிய மாணவருக்கு ஸ்கிரிப்ட் எழுதக் கற்றுத்தருபவர் ஆகிய செலவுகள் ஆண்டுதோறும் வருபவை. பல நிறுவனங்கள் கோர்-மணிக்கு (ஒரு கோர் ஒரு மணி நேரம் ஓடுவதற்கு) இவ்வளவு என்று ஆய்வுக் குழுக்களிடம் கட்டணம் வாங்கத் தொடங்கியிருப்பது இதனால்தான். அதில் ஒரு பக்கவிளைவும் உண்டு: மணிக்குக் காசு என்று ஆனதும் நான்கு நோடு கேட்டவர் ஒரு நோட்டில் ஓட்டிப் பார்க்கிறார், 72 மணி கேட்டவர் 8 மணி என்று எழுதுகிறார். நிதி இல்லாத சிறு குழுக்களுக்கு இலவச ஒதுக்கீடு வைக்காவிட்டால், அவர்கள் வரிசைக்கே வராமல் போவதும் நடக்கும்.